புது மீன் ஒன்று சட்டிக்கு வரும்போது



இனிப்பு நீர் பற்றியும் இரத்தக் கொதிப்பு பற்றியும் கிளினிக்கில் பேசும்போதெல்லாம், கருவாட்டைக் குறையுங்கள், மீனைக் கூட்டுங்கள் என்று நான் சொல்வது உங்களுக்குத் தெரியும். போன மாதம் மருந்து வாங்க வந்த ஒரு சகோதரி இதற்கு ஒரு கேள்வி போட்டார். "டிரெசரையா, எங்க வீட்டுல கெம்போங்கை விட்டா வேற மீன் சட்டியில ஏறாது. கெம்போங் இப்ப கைக்கு எட்டுற விலையிலயா இருக்கு? மீன்காரர் கூடையில வேற மீனும் கிடக்குது. ஆனா அதை எப்படி அறுக்குறது, என்ன குழம்பு வைக்கிறது, ஒடம்புக்கு ஒத்துக்குமா, ஒண்ணும் தெரியலையே!"

நியாயமான கேள்வி. ஒரு வீட்டில் ஒருவர் கேட்டால் பத்து வீட்டில் அதே கேள்வி இருக்கும். ஆகவே இந்த முறை மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீன் கூடைக்குள் கையை விடுவோம்.

முதலில் இதற்கு ஏன் இத்தனை முக்கியம் என்று பார்ப்போம். நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 18 பேருக்கு மேல் இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்தால் அது 31க்கும் மேலே. அதாவது நம்மவர் மூன்று பேர் சேர்ந்து நின்றால் ஏறக்குறைய ஒருவருக்கு இருக்கிறது. மீன் இந்த நோயைத் தீர்க்கும் மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் மீனில் மாவுச் சத்து கிடையாது, அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. 100 கிராம் மீன் சதையில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது, மூன்று முட்டைக்குச் சமம். கெம்போங், சாடின், செலார் போன்ற கொழுப்புள்ள கடல் மீன்களில் இருக்கும் எண்ணெய்ச் சத்து இருதயத்துக்கு நல்லது. வாரத்தில் இரண்டு தடவையாவது மீன் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கருவாடும் மீன்தானே என்று கேட்பீர்கள். மீன்தான், ஆனால் உப்பில் குளித்த மீன். கொதிப்பு மாத்திரை போட்டுக்கொண்டே தினமும் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுவது, ஒரு கையால் தண்ணீர் இறைத்து மறு கையால் ஊற்றுவது போல. மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள் ஆசைக்குச் சாப்பிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

செஞ்சாரு என்றொரு மீன்

சகோதரிக்கு நான் சொன்ன மீன் செஞ்சாரு. கூடையில் பார்த்திருப்பீர்கள். உருண்டு திரண்டு, வெடிகுண்டு மாதிரி இருக்கும். முதுகு கருநீலச் சாம்பல், வயிறு வெள்ளி நிறம். செவுள் மூடியின் மேல் ஒரு கறுப்புப் பொட்டு. வாலுக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் ரம்பம் மாதிரி கெட்டியான செதில் வரிசை இருக்கும். நம் ஊர்ப் பாறை மீன் சாதியைச் சேர்ந்ததுதான், ஆனால் நம் பெண்கள் அந்த ரம்பத்தைப் பார்த்ததுமே "இதை யாரு அறுக்குறது" என்று கையை எடுத்துவிடுகிறார்கள். "அது மலாய்க்காரங்க நெருப்புல சுடுற மீன்" என்று ஒதுக்குகிற பாட்டிமார்களும் உண்டு. மலாய்க்காரர் வீட்டில் அதன் முதுகைக் கீறி, சம்பல் அடைத்து, பொரித்தோ சுட்டோ வைத்தால் அதன் மணம் அடுத்த கம்பம் வரைக்கும் வரும். ருசி இல்லாத மீனுக்கா இத்தனை பாடு படுவார்கள்?

தெங்கிரி, பாவால் விலைக்கு இது எட்டாத தூரத்தில் மலிவாக இருக்கும். சதை கெட்டி, நிறையவும் இருக்கும். பெரிய முள் நடுவில் ஒன்று, மற்றவை எடுப்பது சுலபம். சதையின் ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். அது கெட்டுப்போன சதையல்ல, ஓயாமல் நீந்தும் மீனுக்கு அப்படித்தான் இருக்கும். வாசம் கொஞ்சம் தூக்கலாக இருப்பதற்கும் அந்தப் பட்டைதான் காரணம். பிடிக்காவிட்டால் அதை மட்டும் சீவி எடுத்துவிடலாம்.

எந்தப் புது மீனானாலும் பெயர் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். நல்ல மீனா என்று பார்க்கத் தெரிந்தால் போதும். கண் தெளிவாக, வெளியே உருண்டு நிற்க வேண்டும். குழி விழுந்து பால் பூத்தது போல் இருந்தால் பழசு. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பு நிறமும் கொழகொழப்பும் இருந்தால் வேண்டாம். விரலால் சதையை அழுத்தினால் உடனே மேலே எழும்ப வேண்டும். கடைசியாக மூக்கு. கடல் வாசம் வேறு, அழுகல் வாசம் வேறு, அது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மீன்காரர் செவுளைப் பார்க்க விடவில்லை என்றால் அவரிடம் வாங்காதீர்கள். இது மரியாதைக் குறைவு இல்லை, உங்கள் காசு.

கதவில் தொங்கும் மீன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைத் தயவுசெய்து வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நம் தோட்டங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. விடியற்காலை பெரட்டுக்குப் போய்விடுகிறோம். மீன்காரர் ஒன்பது, பத்து மணிக்கு வருகிறார். வீட்டில் ஆள் இல்லை. அவர் பழகின மனுஷன், மீனைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போகிறார். காசு சம்பளத்தன்று. நாம் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து பையை அவிழ்க்கிறோம். நான்கு மணி நேரம் தகரக் கூரைக்குக் கீழே அந்த மீன் வெந்து கிடந்திருக்கிறது.

கெம்போங், தொங்கோல், தெங்கிரி, சாடின், செலார், செஞ்சாரு, இந்த வகை மீன்களின் சதையில் இயற்கையாகவே ஒரு சத்து அதிகம். வெயிலில் வைத்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றிவிடுகின்றன. மீன் அழுகிப்போன வாசம் வருவதற்கு முன்பே இது உண்டாகிவிடலாம். மூக்கு கண்டுபிடிக்காது. இதில் இன்னொரு கொடுமை என்னவென்றால், ஒரு தடவை உண்டான ஹிஸ்டமினை எதுவும் அழிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, மொறுமொறுவெனப் பொரித்தாலும் போகாது, ஐஸ் பெட்டியில் வைத்தாலும் போகாது, மஞ்சளும் புளியும் தடவினாலும் போகாது.

அதைச் சாப்பிட்டவருக்குச் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ முகமும் கழுத்தும் சிவந்து சூடேறும். தலை இடிக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், நெஞ்சு படபடக்கும். சிலருக்கு வாந்தி, பேதி. சாப்பிடும்போதே நாக்கில் மிளகு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தது என்று சிலர் சொல்வார்கள். ஒரே வீட்டிலிருந்து நான்கு பேர் தக்காளிப் பழம் மாதிரி சிவந்த முகத்தோடு கிளினிக்குக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தொங்கோல் மீன், கதவில் தொங்கியது. "எங்களுக்கு மீன் ஆகாது போல" என்றார்கள். ஆகாது என்பது வேறு. ஒரே வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், குற்றம் பெரும்பாலும் மீன் வைத்திருந்த விதத்தில்தான் இருக்கும்.

பெரும்பாலும் இது சில மணி நேரத்தில் அடங்கிவிடும், அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரையிலேயே குறையும். ஆனாலும் கிளினிக்குக்கு வாருங்கள். மூச்சு இரைத்தாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ கிளினிக்குக்குக் காத்திருக்காமல் 999க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதைத் தடுக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய நுரைப்பெட்டி ஒன்றை, மூடியோடு, திண்ணையில் நிழலில் வையுங்கள். முதல் நாள் இரவே தண்ணீர்ப் போத்தல் இரண்டை ஐஸ் பெட்டியில் வைத்து உறைய விட்டு, காலையில் போகும்போது பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போங்கள். மீன்காரரிடம் சொல்லிவிடுங்கள், "அண்ணே, கதவுல மாட்டாதீங்க, பெட்டிக்குள்ள ஐஸோட போடுங்க." அவர் மறுக்க மாட்டார். அவருக்கும் வாடிக்கை வேண்டும். நான் சொல்லி இரண்டு லயங்களில் இப்படிப் பெட்டி வைத்திருக்கிறார்கள். பூனைத் தொல்லையும் போயிற்று என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த மீனை உடனே குடல், செவுள் எடுத்து, கழுவி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். சமைத்த குழம்பையும் இரவு முழுவதும் அடுப்பு மேல் வைக்கிற வழக்கத்தை விடுங்கள். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எனக்கும் தெரியும். ஆறியதும் ஐஸ் பெட்டியில் வைத்து, மறுநாள் நன்றாகக் கொதிக்க வைத்துச் சாப்பிடுங்கள், ருசி எங்கும் ஓடிப் போகாது.

சமைக்கும் விதம்

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ அளவில் இரண்டு, மூன்று செஞ்சாரு போதும். முதலில் அந்த ரம்பச் செதிலை எடுக்க வேண்டும். கத்தியைப் படுக்க வைத்து, வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சீவினால் பட்டையாக வந்துவிடும். தலையிலிருந்து வாலுக்குச் சீவினால் கத்தி வழுக்கும், விரல்தான் போகும். தோல் தடிப்பாக இருக்கும், குழம்புக்கானால் அதையும் உரித்துவிடலாம்.

அடைத்துச் செய்வதானால் வயிற்றை அறுக்க வேண்டாம். குடலைச் செவுள் வழியாக இழுத்து எடுங்கள், அல்லது வயிற்றில் சின்னக் கீறல் மட்டும் போடுங்கள். முதுகில் நடு முள்ளின் இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால் வரை ஆழமாகக் கீறுங்கள். இரண்டு பை மாதிரி திறந்துகொள்ளும். மஞ்சள் தூளும் புளித் தண்ணீரும் தடவிக் கொஞ்ச நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள்.

மலாய்க்காரர்கள் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பிளாச்சான், தேங்காய்ப்பூ சேர்த்து இடித்து அடைப்பார்கள். பிளாச்சானில் உப்பு நிறைய இருக்கிறது. அது போட்டால் தனியாக உப்புப் போடாதீர்கள். நம் வீட்டு முறையில் செய்ய வேண்டுமானால் தேங்காய்ப்பூ ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு நாலு பல், சோம்பு, சீரகம், காய்ந்த மிளகாய் உங்கள் காரத்துக்கு, கறிவேப்பிலை, இவற்றைக் கொரகொரப்பாக அரைத்துச் சட்டியில் ஈரம் போக வதக்கி, கொஞ்சம் புளி சேர்த்து அடையுங்கள். என் வீட்டில் இதுதான் செய்வார்கள்.

எண்ணெயில் முழுக்கிப் பொரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாழை இலையை நெருப்பில் வாட்டி, மீனைச் சுற்றி, தோசைக் கல்லில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மிதமான நெருப்பில் மூடி வையுங்கள். ஒரு பக்கம் பத்து நிமிடம், மறு பக்கம் பத்து நிமிடம். மீன் பெரிதானால் இன்னும் கொஞ்ச நேரம். முள்ளுக்குப் பக்கத்தில் கத்தி முனையால் விலக்கிப் பாருங்கள். சதை கண்ணாடி மாதிரி இல்லாமல் வெள்ளையாகி, முள்ளை விட்டு உதிர்ந்து வந்தால் வெந்துவிட்டது. இனிப்பு நீர்க்காரர்கள் இதோடு கீரையோ வெண்டைக்காயோ தட்டில் பாதி வைத்து, சோற்றைக் கால் தட்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மீன் நல்லது என்று சொல்லி இரண்டு தட்டுச் சோறு உள்ளே போனால் பலன் இல்லை.

வீட்டில் குழந்தைகளுக்கும், மீன் சாப்பிட்டு முன்பு அரிப்பு வந்தவர்களுக்கும் முதல் தடவை ஒரு துண்டு மட்டும் கொடுத்துப் பாருங்கள். சில பேர் உடம்புக்குச் சில மீன் உண்மையிலேயே ஆகாது. முதல் நாளே புது மீன் மட்டும் சமைத்துவிட்டு "சாப்பிட்டாத்தான் ஆச்சு" என்று பிள்ளைகளிடம் சண்டை போடாதீர்கள். ஒரு பக்கம் பழக்கமான குழம்பு இருக்கட்டும், பக்கத்தில் இது ஒரு தட்டில் இருக்கட்டும். மூன்றாவது தடவை கேட்டுச் சாப்பிடுவார்கள்.

கெலி, திலாப்பியா, தோட்டத்துப் பாரிட்

வடகிழக்குப் பருவ மழையில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும், கிழக்குக் கரையில் படகுகள் கடலுக்குப் போவது குறையும். கடல் மீன் விலை ஏறும். அந்த மாதங்களில் வளர்ப்பு மீன் நல்ல வழி. கெலி, பாத்தின், திலாப்பியா மூன்றும் குளத்தில், தொட்டியில், கூண்டில் வளர்த்து விற்கிறார்கள். பகாங்கில் தெமர்லோ பாத்தின் மீனுக்குப் பேர் போன ஊர். கெலி என்றால் "அழுக்குத் தின்னும் மீன்" என்று நம்மவர் முகம் சுளிப்பார்கள். தீவனம் போட்டு வளர்க்கிற பண்ணை மீனுக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆற்று மீன், குளத்து மீன் சமைப்பதில் அவர்கள் கைகாரர்கள். கடுகெண்ணெய், மஞ்சள், பச்சை மிளகாய் மட்டும் வைத்தே அருமையாகச் செய்துவிடுவார்கள். கெலியின் வழுவழுப்புப் போக உப்பும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நன்னீர் மீனில் புழுக்கள் இருக்கக்கூடும், ஆகவே அரைவேக்காடு கூடவே கூடாது.

ஆனால் பண்ணைக் கெலி வேறு, நம் தோட்டத்துப் பாரிட்டில் பிடிக்கிற கெலியும் விராலும் வேறு. செம்பனைக் காட்டில் களைக்கொல்லி அடித்தால், மழை பெய்ததும் அது பாரிட்டுக்குத்தான் ஓடும். பாராகுவாட் மருந்தை நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் மற்ற மருந்துகள் அடிப்பது நிற்கவில்லை. மருந்து அடித்த பக்கத்துப் பாரிட்டில் தூண்டில் போடாதீர்கள். செத்து மிதக்கிற மீனை, அது எவ்வளவு பெரிய விராலாக இருந்தாலும், எடுக்காதீர்கள். ஏன் செத்தது என்று மீன் வந்து சொல்லப் போவதில்லை.

இன்னொன்று. மருந்து டின்னைக் கழுவி, அதில் பிடித்த மீனைப் போட்டுக் கொண்டுவருவதை நான் இன்னமும் பார்க்கிறேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த டின்னுக்கு வீட்டுக்குள் வேலை இல்லை. தண்ணீர் பிடிக்கவும் கூடாது, மீன் போடவும் கூடாது, பிள்ளைகள் விளையாடவும் கூடாது. காலி டின்களை ஓட்டை போட்டுத் திரும்பப் பெற்றுக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு. செய்யவில்லை என்றால் தொழிற்சங்கத் தோட்டக் கமிட்டியிடம் சொல்லுங்கள். இது கோரிக்கை வைக்கத் தகுந்த விஷயம்தான்.

கடற்கரைப் பக்கத்துத் தோட்டத்தார் ஆற்று முகத்தில் தூண்டில் போடும்போது செம்பிலாங் என்ற மீசை மீன் மாட்டும். சாப்பிட ருசியான மீன். ஆனால் முதுகிலும் இரண்டு பக்கத்திலும் விஷமுள் உண்டு. குத்திவிட்டால் உயிர் போகிற வலி. கை பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருங்கள், வலி குறையும். வலியால் சூடு தெரியாமல் வெந்துவிடக்கூடும், ஆகவே குத்துப்படாத கையால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்து வையுங்கள். பிறகு கிளினிக்குக்கு வந்து முள் உள்ளே இருக்கிறதா என்று காட்டி, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

முயன்று பார்க்கவே கூடாத மீன்

புது மீன் சாப்பிடுங்கள் என்று இத்தனை நேரம் சொன்னேன். ஒரு மீனை மட்டும் யார் எவ்வளவு நம்பிக்கையாகச் சொன்னாலும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது புந்தால். தமிழில் பேத்தை மீன். தொட்டால் வயிற்றைப் பந்து மாதிரி ஊதிக்கொள்ளும், பல் கிளி மூக்கு மாதிரி இருக்கும், செதில் இருக்காது.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜொகூர், குளுவாங் வட்டாரத்தில் ஒரு முதிய தம்பதியர் இந்த மீனைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். மனைவி அன்றே இறந்துபோனார். கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கிடந்து அவரும் போய்விட்டார். எங்கோ காட்டில் பிடித்ததல்ல, விலைக்கு வாங்கிய மீன். நம் நாட்டு உணவுச் சட்டப்படி விஷ மீனை விற்பது குற்றம். ஆனால் சட்டம் சட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்காது. தலையையும் தோலையும் நீக்கிவிட்டு வெள்ளைச் சதையாக விற்றால் எந்த மீன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே இதை விதியாக வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் தெரியாத மீனை முழுதாக, தலையோடும் தோலோடும் இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். உரித்து வெட்டியதை அறிமுகமில்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

அதன் விஷம் ஈரல், முட்டை, குடல், தோலில் அதிகம், சில வகைகளில் சதையிலும் இருக்கும். சமைத்தால் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், பிறகு விரல்கள், பிறகு கை கால் விழுந்துவிடும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நின்றுவிடும். அதுவரைக்கும் ஆளுக்குப் பெரும்பாலும் நினைவு இருக்கும், அதுதான் பயங்கரம். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இயந்திரத்தின் மூலம் சுவாசம் கொடுத்தால், விஷம் இறங்கும் வரை உயிரைப் பிடித்து வைக்கலாம். ஆகவே உதடு மரத்ததுமே கிளம்ப வேண்டும். "கொஞ்சம் படுத்துப் பார்க்கிறேன்" என்று படுத்தால் எழுந்திருக்க முடியாது. புளித் தண்ணீர், தேங்காய்ப்பால், எலுமிச்சை என்று வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். மிச்ச மீனையும் பையில் கட்டி எடுத்துப் போங்கள், டாக்டர் பார்க்கட்டும். சரவாக்கில் சில ஊர்களில் புந்தால் சாப்பிடுகிறார்களே என்று சொல்வார்கள். அது வேறு வகை, பரம்பரையாகக் கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்வது. அதைப் பார்த்து நாம் இறங்க வேண்டாம். சதுப்பு நிலத்தில் கிடைக்கும் சின்ன வகைப் பெலாங்காஸ் முட்டையிலும் இதே விஷம் இருக்கக்கூடும், அதையும் விட்டுவிடுங்கள்.

பிள்ளை பெற்றவளுக்கு

பிரசவம் ஆன பெண்ணுக்கு "மீன் குளிர்ச்சி, மீன் கிரந்தி" என்று சொல்லி நாற்பது நாள் வெறும் பூண்டும் மிளகு ரசமும் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. இரத்தம் இழந்து, பால் கொடுக்கிற உடம்புக்குப் புரதம் வேண்டும். கெம்போங், செலார், நெத்திலி, பண்ணைத் திலாப்பியா, எல்லாம் கொடுக்கலாம். விராலை மலாய்க்காரர்களும் சீனர்களும் புண் ஆற என்று சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். நல்ல புரத உணவு, தடை ஒன்றும் இல்லை. உப்புப் போடாத நெத்திலி கிடைத்தால் முள்ளோடு மெல்லும்போது சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

பால் சுரக்கச் சுறாப் புட்டு வைத்துக் கொடுப்பது நம் பழைய வழக்கம். இதில் மட்டும் நான் பாட்டிமாரோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். சுறா போன்ற மற்ற மீனைத் தின்று வாழும் மீன்களில் பாதரசம் சேர்ந்துகொள்கிறது. பெரிசாக, வயதானதாக ஆக ஆகக் கூடுகிறது. அது வயிற்றுப் பிள்ளைக்கும் பால் குடிக்கும் பிள்ளைக்கும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மாரும், சின்னப் பிள்ளைகளும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது. புட்டு செய்கிற அதே கைப்பக்குவத்தில் செஞ்சாருவை வேகவைத்து உதிர்த்து, பூண்டும் மிளகும் நிறையப் போட்டுச் செய்து கொடுங்கள். பாட்டி சொன்ன பூண்டும் உள்ளே போகும், பிள்ளைக்கும் கெடுதல் இல்லை.

சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிப்பவர்கள் எவ்வளவு மீன் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளவும். மூட்டில் யூரிக் அமில வலி உள்ளவர்கள் நெத்திலி, சாடினைக் குறைத்துக்கொள்ளவும்.

முள் மாட்டினால்

புது மீனின் முள் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. முதல் நாள் நீங்களே உதிர்த்துக் கொடுங்கள். தொண்டையில் முள் மாட்டினால் நாம் என்ன செய்கிறோம்? சோற்றை உருண்டையாகப் பிடித்து விழுங்கச் சொல்கிறோம், வாழைப்பழத்தைத் திணிக்கிறோம். சின்ன முள்ளானால் சில சமயம் போய்விடும். பெரிய முள்ளானால் அந்த உருண்டை அதை இன்னும் ஆழமாகக் குத்தி இறக்கிவிடும், உணவுக் குழாயே கிழியலாம். விரலை விட்டுத் தோண்டவும் வேண்டாம்.

இரண்டு மூன்று தடவை பலமாக இருமிப் பார்க்கச் சொல்லுங்கள். போகவில்லை என்றால் சாப்பாட்டை நிறுத்திவிட்டு கிளினிக்குக்கு வாருங்கள். விளக்கு வைத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்தால் இடுக்கியால் எடுத்துவிடலாம், இரண்டு நிமிட வேலை. தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பேன். எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், இரத்தம் வந்தால், கழுத்து வீங்கினால், நெஞ்சு வலித்தால், அல்லது மறுநாளும் குத்தல் இருந்து காய்ச்சல் அடித்தால், என்னிடம் வர வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். இரவு எந்த நேரமானாலும் சரி.